ஹீல்ஸ் அணியும் ஆண்கள்: கேட்டதும் சொன்னதும்

பதினான்கு வருடமாக ஹீல்ஸ் அணிகிற ஆண் நான். இதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

அண்ணா, எனக்கு 24 வயது. முதல் ஜோடி வாங்கப் போகிறேன். 10 செ.மீ. ஸ்டிலெட்டோ மேல்தான் ஆசை. நேராக அதையே வாங்கலாமா?

ஆசை புரிகிறது தம்பி, ஆனால் வேண்டாம். குதி உயர உயர உடம்பின் எடை முன்பாதத்துக்குப் போகிறது. ஸ்டிலெட்டோவில் குதியின் அடிப்பரப்பு ஒரு பொத்தான் அளவுதான் இருக்கும் என்பதால், பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் வேலை முழுவதும் கணுக்காலுக்கு வந்துவிடும். பழகாத கணுக்கால் அதைத் தாங்காது. 5 செ.மீ. உயரத்தில், கட்டை போல அகலமான பிளாக் ஹீலில் ஆரம்பியுங்கள். கணுக்காலைச் சுற்றிப் பட்டை இருந்தால் நல்லது. இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் காலே அடுத்த உயரத்தைக் கேட்கும்.

உயரமாகத் தெரிய வேண்டும் என்றால் பிளாட்ஃபார்ம், அதாவது முன்பக்க அடியும் தடிமனாக வைத்தது பாருங்கள். பின்னால் 10 செ.மீ., முன்னால் 3 செ.மீ. தடிமன் என்றால் உங்கள் பாதத்துக்கு அது 7 செ.மீ. சாய்வுதான்.

வாங்கும்போது இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஷூவை மேசை மேல் வைத்து விரலால் தட்டுங்கள், ஆடினால் வேண்டாம். பிறகு கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும்தான் வளைய வேண்டும், நடுவில் வளையக் கூடாது. குதிக்கும் முன்பாதத்துக்கும் இடையே உள்ளே ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதுதான் உங்கள் எடையைத் தாங்குவது. மலிவான ஷூக்களில் இந்தத் தகடு பலவீனமாக இருக்கும். 80 கிலோ ஆண் அதில் ஏறி நிற்பது ஆபத்து.

பெண்கள் அளவில் என் அளவு என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாலையில் அளந்து பாருங்கள். பகல் முழுவதும் நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காகிதத்தின் மேல் நின்று, இரண்டு காலையும் அளந்து, நீளமான காலின் கணக்கைச் சென்டிமீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய எண்ணில் ஒரு அளவுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் கணக்கில் ஆண், பெண் என்று பிரிவே கிடையாது. அமெரிக்க எண்ணில்தான் குழப்பம்: ஒரே நீளமுள்ள பாதத்துக்குப் பெண்கள் எண் ஏறக்குறைய ஒன்றரை கூடுதலாக வரும்.

நீளத்தைவிட அகலம்தான் தொல்லை. பெண்கள் ஷூவுக்கான அச்சு ஒடுக்கமானது. அகலம் போதவில்லை என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு, நானும் செய்தேன். அப்போது பாதம் முன்னால் வழுக்கி விரல்கள் நசுங்கும். அகலப் பாதத்துக்கென்று செய்ததைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் முன்பக்கம் திறந்த, பட்டை வைத்த மாதிரி எடுங்கள்.

நடக்கும்போது முழங்கால் மடிந்து, ஏதோ பதுங்கிப் போவது போல இருக்கிறது. என்ன தவறு செய்கிறேன்?

நீங்கள் கீழே பார்த்து நடக்கிறீர்கள், அடியும் நீளமாக வைக்கிறீர்கள். இரண்டையும் மாற்றினால் பாதி சரியாகிவிடும். பார்வை எதிரே இருக்கட்டும். வழக்கமான அடியில் முக்கால் பங்கு போதும். முதலில் குதி, உடனே முன்பாதம். இரண்டையும் ஒரேயடியாகத் தொம்மென்று வைக்காதீர்கள். வயிற்றை லேசாக இழுத்துப் பிடித்தால் இடுப்பு முன்னால் சரியாது. வீட்டில் கெட்டியான தரையில் தினம் பத்து நிமிடம் நடங்கள். படி இறங்குவதைக் கடைசியாகப் பழகுங்கள், கைப்பிடியை விடாமல்.

தாடி வைத்திருக்கிறேன். எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். ஹீல்ஸ் போடுவதற்காகப் பெண் போலத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஆணாகப் பிறந்தால் ஆண் மாதிரி இருங்கள். பெண்களுக்காகக் கண்டுபிடித்ததைப் போட்டுக்கொண்டு எதற்கு இந்த வேஷம்?

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதன் அடிப்படையே வரலாற்றுக்கு நேர்மாறானது.

ஹீல்ஸ் பெண்களுக்காக வந்ததில்லை. பாரசீகக் குதிரை வீரர்கள் அணிந்தது அது. ஓடுகிற குதிரையில் அங்கவடி (சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கும் வளையம்) மேல் எழுந்து நின்று அம்பு விடும்போது கால் வழுக்கக் கூடாது. அங்கவடியில் மாட்டிக்கொள்ளத்தான் குதி. 1599-ல் பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு அனுப்பினார். அந்தக் காலத்தில் அங்கே பாரசீகப் பொருள்கள் மேல் பெரிய மோகம் பிறந்தது. வீரமும் ஆண்மையும் தெரிய வேண்டும் என்று ஐரோப்பியப் பிரபுக்கள் குதி வைத்த காலணிக்கு மாறினார்கள். பெண்கள் அதை ஆண்களைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பிரான்சின் பதினான்காம் லூயியை 1701-ல் ஹியாசிந்த் ரிகோ வரைந்த ஓவியத்தைப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டிய அரசர், இடுப்பில் வாள், வெள்ளைக் காலுறை, காலில் சிவப்புக் குதி. அதைப் பார்த்து அன்றைக்கு யாரும் இது பெண் வேஷம் என்று நினைக்கவில்லை. அதிகாரம் என்றுதான் நினைத்தார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் காற்று மாறியது. ஆண் என்றால் பகுத்தறிவு, பயன், எளிமை. அலங்காரம் எல்லாம் பெண்ணுக்கு என்று பிரித்தார்கள். நிறமும் பூவேலையும் குதியும் ஆணின் உடையிலிருந்து போயின. உளவியலாளர் ஃப்ளூகல் 1930-ல் இதை ஆண்களின் மாபெரும் துறவு என்றே அழைத்தார். அந்தத் துறவை நீங்களும் நானும் கேட்டு வாங்கவில்லை, நமக்கு முன்னால் யாரோ எடுத்த முடிவு. அப்படியும் குதி முழுதாகப் போகவில்லை. கௌபாய் பூட்ஸில் இன்றும் இருக்கிறது, காரணமும் அதே அங்கவடிதான். 1960-களில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் குதி வைத்த பூட்ஸ் அணிந்தார்கள், 1970-களில் ராக் பாடகர்கள் பிளாட்ஃபார்மில் ஏறினார்கள், அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் பல வருடம் ஹீல்ஸோடுதான் மேடை ஏறினார். மெல்லிய குதி வைத்த ஸ்டிலெட்டோ 1950-களில்தான் வந்தது. குதிக்குள் உலோகக் கம்பி வைக்கத் தெரிந்த பிறகுதான் அவ்வளவு மெல்லிய குதி சாத்தியமானது.

டொராண்டோவில் உள்ள பாட்டா காலணி அருங்காட்சியகம் 2015-ல் ஆண்களின் ஹீல்ஸ் வரலாற்றுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. நான் வேஷம் போடவில்லை. எங்கள் கையிலிருந்து போன ஒன்றைத் திரும்ப எடுத்திருக்கிறேன்.

நான் ஒரு பெண். கால் வலிக்கிறது, ஹீல்ஸ் வேண்டாம் என்று நாங்கள் வேலையிடங்களில் போராடுகிறோம். நீங்கள் அதைக் கொண்டாடுகிறீர்கள். எரிச்சலாக இருக்கிறது.

எரிச்சல் நியாயமானது. லண்டனில் வரவேற்பாளராக வேலைக்குச் சேரப் போன ஒரு பெண்ணை ஹீல்ஸ் போடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். 2016-ல் அவர் தொடங்கிய மனுவில் 1,50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017-ல் இப்படிக் கட்டாயப்படுத்துவதைத் தடை செய்தது. ஜப்பானில் 2019-ல் யுமி இஷிகாவா தொடங்கிய இயக்கத்துக்குக் ‘குடூ’ என்று பெயர். அந்த மொழியில் ஷூவுக்கும் வலிக்கும் உள்ள சொற்கள் ஏறக்குறைய ஒரே ஒலி.

நாளைக்கே என்னைக் கட்டாயப்படுத்தினால் நானும் கழற்றி வீசுவேன். உங்களைப் போடச் சொல்கிறவரும் என்னைக் கழற்றச் சொல்கிறவரும் ஒரே விதியைத்தான் காவல் காக்கிறார்கள். ஹீல்ஸ் பிடித்த ஒவ்வொரு ஆணும் உங்கள் மனுவில் கையெழுத்திட வேண்டும் என்பது என் திடமான கருத்து. கையெழுத்திடாதவரின் ஹீல்ஸ் ஆர்வத்தை நான் மதிக்க மாட்டேன்.

அலமாரியின் அடியில் என் கணவரின் அளவில் ஒரு ஜோடி ஹீல்ஸ் கிடைத்தது. அவர் தன்பாலீர்ப்பாளரா? திருநங்கையா? இது ஏதாவது நோயா? இன்னும் அவரிடம் கேட்கவில்லை.

சகோதரி, கேட்காமல் வைத்திருக்கிறீர்களே, அந்த நிதானமே பெரிய உதவி.

யார் மேல் ஈர்ப்பு, தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார், என்ன அணியப் பிடிக்கும் என்பவை மூன்று தனித்தனி விஷயங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்ல முடியாது. தன்பாலீர்ப்புள்ள ஆண்களில் ஹீல்ஸ் பக்கமே போகாதவர்கள் ஏராளம். ஹீல்ஸ் அணியும் ஆண்களில் மனைவி, குழந்தையோடு வாழ்கிறவர்களும் உண்டு. உங்கள் கணவர் இதில் எங்கே நிற்கிறார் என்பதை அவர்தான் சொல்ல முடியும். எந்தப் பதில் வந்தாலும் அது இழிவு இல்லை. நோயும் இல்லை. எதிர்ப்பாலின உடை அணிவதற்குப் பழைய நோய்ப் பட்டியலில் இருந்த பிரிவுகளை, 2019-ல் ஏற்கப்பட்டு 2022-ல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் உலக சுகாதார நிறுவனம் எடுத்துவிட்டது.

எப்படிக் கேட்பது? ஜோடியைக் கையில் தூக்கிக்கொண்டு போய் நிற்காதீர்கள். அது விசாரணை ஆகிவிடும். இருவருக்கும் அவசரம் இல்லாத நேரத்தில், “அலமாரியில் பார்த்தேன், கோபம் இல்லை, தெரிந்துகொள்ளணும்” என்று சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் வாய் திறக்க நேரம் ஆகும். என் வீட்டில் நான் ஐந்து வருடம் ஒளித்தேன். ஷூ தெரிந்ததைவிட ஐந்து வருடம் மறைத்தது தெரிந்துதான் என் மனைவி அழுதார். உங்களுக்கு வருத்தம் இருந்தால் அதையும் சொல்லலாம். எங்கே அணியலாம், பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை.

வெளியே போட்டுக்கொண்டு போகப் பயம். யாராவது ஏதாவது செய்துவிட்டால்?

பயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 1863-ல் சான் பிரான்சிஸ்கோ நகரம் எதிர்ப்பாலின உடையையே குற்றமாக்கியது. அந்தச் சட்டம் 1974 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. சட்டம் போனாலும் அந்த மனநிலை இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. முதல் தடவை நம்பிக்கையான ஒருவரோடு, உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கு, பகலில் போங்கள். பையில் தட்டையான செருப்பு ஒன்று கட்டாயம் இருக்கட்டும். ஹீல்ஸில் ஓட முடியாது. யாராவது கிண்டல் செய்தால் நின்று வாதாடாமல் நடையைக் கட்டுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், இது என் அனுபவம்.

தினமும் போடுகிறேன். இப்போது தட்டையான செருப்பில் நடந்தால்தான் கெண்டைக்கால் இழுக்கிறது.

தினமும் போடாதீர்கள். குதி எப்போதும் தூக்கியே இருந்தால் கெண்டைக்கால் தசை குறுகும், குதிகால் நாண் விறைக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதியைத் தரையில் அழுத்தி 30 நொடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. விரல் மரத்துப் போவது, முன்பாதத்தில் சுருக்கென்று குத்துவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஹீல்ஸ் போடவே கூடாது. வலியைத் தாங்குவதுதான் அழகு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

எனக்கு 61 வயது. சின்ன வயதிலிருந்து ஆசை. இனிமேல் ஆரம்பிக்கலாமா?

தாராளமாக ஐயா. முதலில் சுவர் ஓரமாக வெறுங்காலில், ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். 10 நொடி ஆடாமல் நிற்க முடிந்தால் 3 செ.மீ. பிளாக் ஹீல் வாங்குங்கள். முடியவில்லை என்றால் சில வாரம் அதையே பயிற்சியாகச் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அடியில் ரப்பர் இருக்கட்டும், வழவழப்பான தோல் வேண்டாம். ஜோடி வந்ததும் எழுதுங்கள், என்ன நிறம் என்பதையும் சேர்த்து.