முதற்கேட்பில் வியப்பு வராத இசைத்தொகுப்பு

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதிய தம்பிக்கு வணக்கம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) இசைத்தொகுப்பைக் கைத்தொலைபேசியில் கேட்டும், எல்லோரும் சொல்லும் வியப்பு தோன்றவில்லை என்கிறீர்கள். குற்றம் உங்கள் காதில் இல்லை. அந்தச் சிறிய ஒலிபெருக்கி, மேலே ஓடும் வயலினை மட்டும் தந்துவிட்டு, அதற்கு அடியில் தனித்தனியாக நகரும் கீழ்ச்சுர இழைகளை விழுங்கிவிடுகிறது. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில், நீருக்குள்ளிருந்து எழும் மீன்பாட்டுக் கேட்பதற்குத் துடுப்பை நீருக்குள் விட்டு, அதன் மறுநுனியில் காதை வைக்க வேண்டும் அல்லவா? இதற்கும் நல்லதொரு ஹெட்போன் வேண்டும். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கப்பட்ட இத்தொகுப்பை, ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியிலிருந்து தொடங்குங்கள். பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் (பல சிறு உருப்படிகள் கோத்த இசைத்தொடர்) முன்னிசையோடு ராஜாவின் வாத்தியங்கள் உரையாடுவது அதில்தான் மிகத் தெளிவாகக் கேட்கும்.