மலையில் எடை, போடியில் ஒப்புதல்: ஏலக்காய்க் கொள்முதலுக்கு கிளவுட் சர்வர்

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம் எங்கள் ஆட்கள் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி, எடையையும் தரத்தையும் போனில் பதிவு செய்வார்கள். அது போடி அலுவலகத்துக்கு வந்து, அப்பா ஒப்புதல் தந்த பிறகு பணம் போகும். இந்த வேலையை, படிப்படியான வேலைகளைத் தானாக நடத்தும் என்8என் (n8n) மென்பொருளில் அமைத்து அலுவலகக் கணினியிலேயே ஓட்டுகிறோம். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடுகிறது. சில நாள் ஒரே கொள்முதல் இரண்டு முறை விழுகிறது. கிளவுடுக்கு மாற்றினால் இரண்டும் தீருமா? எந்த மாதிரி சர்வர் எடுக்கலாம்?

பதில்: முதலாவது தீரும். இரண்டாவது தீராது, அதற்கு வைத்தியம் வேறு. உங்கள் பணம் மாட்டியிருப்பது அதில்தான் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

நெடுங்கண்டத்தில் உங்கள் ஆள் 'அனுப்பு' பொத்தானை அழுத்துகிறார். பதிவு சர்வருக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பிப் போகும் நேரத்தில் சிக்னல் போய்விடுகிறது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போகவில்லை போலிருக்கிறது என்று அவர் மறுபடி அழுத்துகிறார். சர்வரின் கணக்கில் இவை இரண்டு கொள்முதல்கள். சர்வர் போடியில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் இது நடக்கும், மழைக்காலத்தில் அடிக்கடி நடக்கும்.

படிவத்தைத் திறந்தவுடனே போனிலேயே ஒரு சீட்டு எண் உருவாக வேண்டும். கொள்முதல் மையத்தின் குறி, போனின் குறி, தேதி, வரிசை எண் என்று சேர்த்தால் போதும். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் போக வேண்டும். தரவுத்தளத்தில் சீட்டு எண் பத்திக்கு 'யூனிக்' கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டாம் முறை விழாமல் தடுப்பது) போட்டுவிடுங்கள். எழுதும்போது 'இதே எண் ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையோடு எழுதுங்கள். புதிய வரி விழுந்தால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகட்டும், இல்லாவிட்டால் 'இந்தச் சீட்டு முன்பே வந்துவிட்டது' என்று போனுக்குப் பதில் போகட்டும்.

பலரும் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். முதலில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுவது, இல்லையென்றால் எழுதுவது. ஒரே நொடியில் இரண்டு பதிவுகள் வந்தால் இரண்டுமே தேடும், இரண்டுக்குமே 'இல்லை' என்று பதில் வரும், இரண்டுமே எழுதிவிடும். மறுக்கும் வேலையைத் தரவுத்தளத்திடமே விடுவதுதான் பாதுகாப்பு. பெயரையும் எடையையும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவை நீக்கவும் வேண்டாம். ஒரே தோட்டக்காரர் ஒரே நாளில் 50 கிலோ மூட்டை இரண்டு கொண்டுவந்தால், இரண்டாவது மூட்டைக்கான பணம் அவருக்குப் போகாது.

இன்னொன்று. என்8என்னில் வெப்ஹூக் (வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கும் இணைய முகவரி) வழியாக வரும் பதிவுக்கு, இயல்பான அமைப்பில், வந்தவுடனேயே பதில் போய்விடும். அதாவது தரவுத்தளத்தில் எழுதும் முன்பே 'கிடைத்தது' என்று சொல்லிவிடும். எழுதும்போது பிழை வந்தால் உங்கள் ஆளுக்குத் தெரியாது, சீட்டு காணாமல் போகும். எழுதி முடித்த அடுத்த படியில் பதில் தரும்படி மாற்றுங்கள்.

சரி, இனி சர்வர். உங்கள் அளவு வேலைக்கு 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு சின்ன மெய்நிகர் மெஷின் (கிளவுடில் வாடகைக்குக் கிடைக்கும் கணினி) போதும். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் மையங்கள் உள்ளன, மைக்ரோசாப்டின் அஸ்யூருக்குச் சென்னையிலும் உண்டு, டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரில் உண்டு. எது பக்கம் என்று பார்த்து மெனக்கெட வேண்டாம், ஒப்புதலுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கும் வேலையில் சில மில்லிநொடிகளால் ஒன்றும் ஆகிவிடாது. குபெர்னெடிஸ், பல சர்வர்கள், வரிசை முறை என்றெல்லாம் யாராவது சொன்னால் இப்போதைக்குக் காது கொடுக்காதீர்கள். ஒரே மெஷினில் டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் கருவி) போட்டு, அதற்குள் என்8என், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், முன்னால் கேடி என்ற வெப் சர்வர், இந்த மூன்றும் ஓடினால் போதும். பாதுகாப்புச் சான்றிதழை வாங்குவதையும் புதுப்பிப்பதையும் கேடியே பார்த்துக்கொள்ளும். வெளியுலகுக்கு 80, 443 ஆகிய போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்) மட்டும் திறந்திருக்கட்டும். என்8என்னின் 5678 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். தோட்டக்காரர்களின் வங்கி எண்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன.

போஸ்ட்கிரெஸை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. என்8என் தானாக எடுத்துக்கொள்வது எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளம். சோதனைக்கு நல்லது. ஆனால் உங்கள் தொழிலில் ஒரு சீட்டு நிறைய நேரம் காத்துக் கிடக்கும். புற்றடியிலோ போடியிலோ ஸ்பைசஸ் போர்டின் மின்னேலத்தில் அன்றைய விலை தெரிந்த பிறகுதான் அப்பா ஒப்புதல் தருவார் என்று நினைக்கிறேன். 65 நொடிகளுக்கு மேல் காத்திருக்கும் எந்த வேலையையும் என்8என் தரவுத்தளத்தில் இறக்கி வைத்துவிடும். சர்வர் நின்று மறுபடி எழுந்தாலும் அங்கிருந்து தொடரும். அப்படியானால் நிலுவையில் உள்ள உங்கள் கொள்முதல் முழுவதும் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது. மெஷின் போனால் ஒரு மணி நேரத்தில் புதிதாக எழுப்பிவிடலாம். தரவுத்தளம் போனால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்க வேண்டியதுதான்.

அதனால் தினமும் இரவு போஸ்ட்கிரெஸின் முழுப் பிரதியை எடுத்து, சர்வர் மும்பையில் என்றால் பிரதியை ஹைதராபாத் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியை வேறொரு மெஷினில் ஏற்றித் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

பிரதி இருந்தும் கைவிடும் சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. வங்கி, வாட்ஸ்அப் போன்ற இணைப்புகளின் கடவுச்சொற்களை என்8என் ஒரு மறையாக்கச் சாவியால் பூட்டி வைக்கிறது. அந்தச் சாவியை முதல்முறை ஓடும்போது தானே உருவாக்கித் தன் கோப்புறைக்குள் போட்டுக்கொள்ளும். தரவுத்தளத்தை மட்டும் மீட்டு, சாவி இல்லையென்றால் எந்த இணைப்பும் திறக்காது. அலுவலகக் கணினியில் இருக்கும் சாவியை இன்றே எடுத்துத் தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். புதிய சர்வருக்கும் அதே சாவியைக் கொடுங்கள்.

மாற்றும் நாளில் ஒரு கவனம்: பணிவழிகளையும் இணைப்புகளையும் ஏற்றுமதி செய்து புதிய இடத்தில் இறக்கலாம், ஆனால் பாதியில் காத்திருக்கும் ஒப்புதல்கள் அதில் வராது. நிலுவையை எல்லாம் முடித்துவிட்டு, கொள்முதல் இல்லாத ஒரு நாளில் மாற்றுங்கள்.

புதிய சர்வரில் இரண்டு அமைப்புகளை மறந்தால் மென்பொருளே கெட்டுவிட்டது போலத் தோன்றும். ஒன்று நேர மண்டலம். என்8என்னின் இயல்பான நேரம் நியூயார்க்குடையது. காலை 9 மணிக்கு என்று நீங்கள் வைத்த பட்டியல் நமக்கு மாலை 6.30க்கோ 7.30க்கோ வரும். ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். இன்னொன்று வெப்ஹூக் முகவரி. உங்கள் டொமைன் பெயரை அங்கே தரவில்லையென்றால், அப்பாவின் போனுக்குப் போகும் ஒப்புதல் இணைப்பில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருக்கும். தொட்டால் திறக்காது. சர்வருக்கு நிலையான ஐபி முகவரியும் வாங்கிவிடுங்கள். அமேசானில் மெஷினை நிறுத்தி மறுபடி தொடங்கினால் சாதாரண முகவரி மாறிவிடும்.

என்8என்னின் ஓட்டப் பதிவேட்டைக் கணக்குப் புத்தகமாக நினைக்க வேண்டாம். முடிந்த ஓட்டங்களை இயல்பாக 14 நாளில் அழிக்கத் தொடங்கிவிடும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு அறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கொள்முதல் சீட்டு, ஒப்புதல் தந்தவர், நேரம் மூன்றும் தனி அட்டவணையில் இருக்கட்டும், டாலி கணக்கு மென்பொருளுக்கும் போகட்டும்.

பணம் அனுப்புவதைத் தானியங்கியாக்க வேண்டாம் என்பது என் கருத்து. வங்கியில் ஏற்றும் கோப்பை சர்வர் தயாரிக்கட்டும், ஏற்றுவது ஓர் ஆளாக இருக்கட்டும். சரக்கை எடுத்துச் செல்லத் தேவையான இ-வே பில் என்ற மின்சீட்டும் அப்படியே. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வேண்டும். கிலோ 1,000 ரூபாய்க்கு மேல் போனாலே உங்கள் 50 கிலோ மூட்டை ஒன்று அந்த வரம்பைக் கடந்துவிடும். அரசுத் தளத்தில் மொத்தமாக ஏற்ற ஜேசன் கோப்பு முறை இருக்கிறது. அந்தக் கோப்பை சர்வர் உருவாக்கிக் கொடுத்தால் தட்டச்சு வேலை பெரிதும் குறையும், லாரி எண்ணை ஒருவர் பார்த்துச் சரிசெய்யவும் இடம் இருக்கும்.

தோட்டக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ரசீது அனுப்பும் எண்ணம் இருந்தால், அவர் கடைசியாக உங்களுக்கு எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்பு வாசகத்தை (டெம்ப்ளேட்) மட்டுமே அனுப்ப முடியும். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என இரண்டு வார்ப்புகளுக்கு விண்ணப்பித்து, தோட்டக்காரர் பதிவிலேயே அவருக்கு எந்த மொழி என்று குறித்துவிடுங்கள். எடையும் விலையும் அவர் மொழியில் அன்றே கைக்கு வந்தால் தகராறுக்கு இடமில்லை.

உரிமத்தைப் பொறுத்தவரை, சொந்த நிறுவன வேலைக்கு என்8என்னைக் கட்டணமில்லாமல் ஓட்டலாம். பக்கத்துக் கடைக்காரர்களுக்கும் இதே சர்வரை வாடகைக்கு விடலாமே என்று தோன்றினால், உரிமம் அதை அனுமதிக்காது. கிளவுட் கணக்கு தொடங்கும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்துவிடுங்கள். பில்லில் வரும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக, எடுத்துக்கொள்ளலாம்.