லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளின் உதையைக் குறைக்க எந்த மசில் பிரேக் வாங்கலாம்?

கேட்டிருப்பது இது: அமெரிக்காவில் இருக்கும் தம்பி .45-70 என்ற பருமனான தோட்டா போடுகிற, அடிப்பக்கத்துப் பிடியைத் தள்ளி இழுத்துத் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கியிருக்கிறார், நாலு ரவுண்டு சுட்டாலே தோள் கன்றிப்போகிறது, உதையைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக்கில் எது நல்லது? கூடவே, ஊரில் மாமா லைசென்ஸோடு வைத்திருக்கும் இரட்டைக்குழலுக்கும் ஒன்று மாட்ட முடியுமா?

இரண்டாவதுக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஏன் என்பது கடைசியில். முதல் கேள்வியில் எனக்குக் கொஞ்சம் பட்ட அறிவு இருக்கிறது.

எனக்கு ஊர் குலசேகரம் பக்கம். 1983-இல் வெலிங்டனில் பட்டாளத்து ரெக்ரூட்டாகச் சேர்ந்தபோது கையில் கொடுத்தது 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள். பட் என்கிற பின்கட்டையைத் தோளில் இறுக்கிப் பிடிக்காமல் சுட்டவன் எல்லாம் ராத்திரி குப்புறப் படுக்க முடியாமல் தவித்தோம். அப்புறம் பழகிவிட்டது. துப்பாக்கி உதை என்றால் இவ்வளவுதான் என்ற நினைப்போடு பென்ஷனும் வாங்கிவிட்டேன். அந்த நினைப்பு டெக்சாஸில் போனது.

மகள் அங்கே நர்ஸ். மருமகன் காட்டுப்பன்றிக்காக ஒரு மார்லின் 1895 வாங்கியிருந்தார், உங்கள் தம்பியுடையதைப் போலவே .45-70 போடும் லீவர் ரைஃபிள். ரூகர் கம்பெனி 2020-இல் மார்லினை வாங்கிய பிறகு செய்தது. விசிட்டர் விசாவில் போனவன் அங்கே துப்பாக்கியைத் தொட வேண்டுமென்றால் கையில் வேட்டை லைசென்ஸ் இருக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார், எனக்கு ஒன்று எடுத்தும் கொடுத்தார். “மாமா பட்டாளத்துக்காரர் அல்லவா, சுட்டுப் பாருங்க” என்றார். பெஞ்சில் உட்கார்ந்து, லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தேன். சுட்டதும் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி வாய்க்கு வந்துவிட்டது. எஸ்.எல்.ஆர். தள்ளும், இது மிதித்தது. மூன்றாவது ரவுண்டில் எனக்கே கண் மூடிக்கொண்டது, குண்டு எங்கே போனதோ. அன்று மாலை மகள் ஐஸ் பையோடு வந்தாள். நான் பெட்டியைத் துழாவி ஊரிலிருந்து கொண்டுபோன முறிவெண்ணெயை எடுத்தேன். அந்த வீட்டில் இரண்டு நாள் அந்த வாசனைதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மிதி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால்தான் பிரேக்கால் எவ்வளவு பிரயோசனம் என்று தெரியும். .45-70-இல் பழைய ரகத் தோட்டாவின் குண்டு 405 கிரெய்ன், அதாவது 26 கிராம். நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் போகும். மருந்து எரிந்து வரும் வாயுவின் எடை மூன்று கிராம் சொச்சம்தான், ஆனால் குழல் வாயைத் தாண்டும்போது குண்டைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பீறிடும். பெருக்கிக் கூட்டினால் மொத்த உதையில் ஏறக்குறையக் கால் பங்கு வாயுவுடையது, மீதி முழுக்கக் குண்டினுடையது. மசில் பிரேக் என்பது பக்கவாட்டில் திறப்பு வைத்த ஒரு சின்ன உருளை. வாயு அதன் உள்சுவர்களில் மோதிப் பக்கத்துக்கும் பின்னுக்கும் திரும்புகிறது, மோதும்போது துப்பாக்கியை முன்னால் இழுக்கிறது. போய்விட்ட குண்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வேகமான ரைஃபிள் தோட்டாவில் 12 கிராமுக்கும் குறைவான குண்டுக்கு நாலரை கிராம் மருந்து, அங்கே வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் வரும். அந்த மாதிரித் துப்பாக்கிக்காரர்கள் பிரேக்கைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதைக் கேட்டு .45-70-க்கும் அதே பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குறையும், ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

அதனால் என் கணக்கில் முதலில் மாற்ற வேண்டியது தோட்டா. .45-70 பிறந்தது 1873-இல். அந்தக் காலத்து ரைஃபிள்களின் பலத்துக்கு ஏற்ப அடக்கமாக நிரப்பிய தோட்டா இன்றும் கிடைக்கிறது. அதே அளவில், புதுத் துப்பாக்கிகளுக்கென்று 325 கிரெய்ன் குண்டை நொடிக்கு 600 மீட்டருக்கு மேல் தள்ளும் தோட்டாவும் இருக்கிறது. பின்னதில் தோளுக்கு வரும் ஆற்றல் முன்னதைப் போல ஒன்றரை மடங்கு. மருமகன் வாங்கி வைத்திருந்தது எது என்று சொல்லவும் வேண்டுமா? பழைய ரகத்துக்கு மாறினதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு இஞ்சு கனத்துக்கு நல்ல ரப்பர் பேடு ஒன்றைப் பட்டில் வைத்ததும் எனக்கே இருபது ரவுண்டு சுடலாம் போல இருந்தது. (ரப்பர் பால் வெட்டுகிற ஊரிலிருந்து போய், டாலர் கொடுத்து ரப்பர் வாங்கிய கதை.) எடையும் உதவும். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்த டிலனாய் பீரங்கி வார்த்த காலத்திலேயே தெரிந்த சங்கதிதான் இது. கனத்த பீரங்கி மெல்லப் பின்வாங்கும், லேசானது துள்ளும். தம்பியின் ரைஃபிளும் மூன்றேகால் கிலோ பக்கம்தான் இருக்கும். இந்தத் தோட்டாவுக்கு அது லேசு.

இதற்குப் பிறகும் பிரேக் வேண்டுமென்றால் தாராளமாகப் போடலாம், ஆனால் பிராண்டு பார்த்து வாங்காதீர்கள். முதலில் குழல் முனையில் பிரேக்கைத் திருகி மாட்ட மரை இருக்கிறதா? பழைய லீவர் ஆக்‌ஷன்கள் பெரும்பாலும் மரை இல்லாமல் வந்தவை. முன் சைட்டும், குழலுக்கு அடியில் ஓடும் மேகசின் குழாயும் முனை வரைக்கும் வந்து நிற்கும், மரை வெட்ட இடமே இருக்காது. நல்ல பழைய வின்செஸ்டரைக் கடைசலில் கொடுத்துப் பாழாக்குவதற்கு வலி தாங்கலாம்.

மரை இருந்தால், என்ன அளவு? இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். .45-70 என்று சொல்லித்தான் ஆர்டர் போட்டார். கடைக்காரர் அனுப்பியது 5/8 இஞ்சு விட்டம், இஞ்சுக்கு 24 மரை. இந்த மார்லினின் முனை 11/16 இஞ்சு, 24 மரை. ராத்திரி சமையலறை மேசையில் வைத்துத் திருகித் திருகிப் பார்க்கிறோம், வாய்க்குள்ளேயே போகவில்லை. உறையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்கவும் மாட்டோம் என்றுவிட்டார்கள்.

போகாமல் இருந்ததுகூடப் பரவாயில்லை. போய்விடுவதில்தான் ஆபத்து. 5/8-24 என்பது 30 காலிபர், அதாவது ஏறக்குறைய 0.30 இஞ்சு விட்டமுள்ள குண்டுக்கான பிரேக்குகளில் சர்வசாதாரணமான மரை. அதே மரையோடு வரும் .45-70 ரைஃபிள்களும் உண்டு. 30 காலிபர் பிரேக்கை அதில் திருகினால் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் குண்டின் விட்டம் 11.6 மில்லிமீட்டர், பிரேக்கின் துளை அதைவிடச் சின்னது. சுட்டால் பிரேக் சிதறும், குழலும் போகலாம், பக்கத்தில் நிற்கிறவனையும் சேர்த்து. ஆகவே மரை பொருந்தினால் போதாது, 45 காலிபருக்கென்றே செய்ததா என்று துளையைப் பாருங்கள். பொருத்தும்போது திறப்புகள் இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். பூட்டு நட்டோடு வருவதை வாங்கினால் இந்தத் தலைவலி குறைவு. அடிப்பக்கமும் துளை உள்ளது வேண்டாம், படுத்துச் சுட்டால் மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ரொம்பப் பருமனாக இருந்தால் முன் சைட்டை மறைக்கும். ஸ்கோப் வைத்திருந்தால் அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று சத்தம். பிரேக் வாயுவைப் பின்பக்கம் திருப்பும்போது சத்தத்தையும் சேர்த்துத்தான் திருப்புகிறது. காதுக்கு 140 டெசிபல் வெடியே ஆபத்து, ரைஃபிள் வேட்டு அதைத் தாண்டி 160-ஐத் தொடும். பிரேக் மாட்டினால் சுடுகிறவருக்கு இன்னும் கூடும். ரேஞ்சில் பக்கத்து பெஞ்சில் ஒருவர் பிரேக் போட்ட ரைஃபிளால் சுட்டபோது, திருவிழாவில் கதினா வெடிக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பட்டாளத்தில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுட்ட புண்ணியத்தில் என் இடது காதில் இன்றும் சில்வண்டு கத்துகிறது. தம்பியைக் காதுக்குள் ஒரு அடைப்பான், மேலே ஒரு மூடி, இரண்டும் போடச் சொல்லுங்கள். பன்றி வேட்டையில் பக்கத்தில் நிற்கிறவருக்கும் அதுவே. நான் பிரேக்கைக் கடைசியில் வைப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் காது.

இனி மாமாவின் இரட்டைக்குழல். 12 போர் என்கிற குழல் அளவில் வாயு அழுத்தம் குறைவு, பிரேக் போட்டாலும் பெரிதாக ஒன்றும் குறையாது. அதைவிட முக்கியம், 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, அதற்கான லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதோ மாற்றி அமைப்பதோ குற்றம். நாகர்கோவிலில் தெரிந்த லேத்துக்காரர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவரும் மாட்டுவார், மாமாவின் லைசென்ஸும் போகும். தோள் வலி என்றால் எடை குறைந்த சன்னம் போட்ட தோட்டா, தோளில் ஒரு பேடு, போதும்.

எங்கள் வீட்டு மார்லினுக்கு அப்புறம் பிரேக் வாங்கவே இல்லை. அந்த 5/8 பிரேக் மருமகனின் மேசையில் கிடக்கிறது, பேரன் அதில் பென்சிலைச் செருகி வைத்திருக்கிறான். உங்கள் தம்பியின் ரைஃபிள் எந்த மாடல், இப்போது எந்தத் தோட்டா போடுகிறார் என்று கேட்டு எழுதுங்கள், மரை அளவு எனக்குத் தெரிந்ததாக இருந்தால் சொல்கிறேன்.