பட்டாசு யாருக்கு?

கேள்வி: 2010-ல் கோவையில் குழந்தைகளைக் கொன்றவனை என்கவுன்ட்டரில் முடித்தபோது அங்கே கமிஷனராக இருந்தவர் நம் குமரி மாவட்டத்துக்காரர் சைலேந்திர பாபு. அப்படிப்பட்ட கமிஷனர்கள் இப்போது ஏன் இல்லை? (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: அன்றைக்குக் கோவையில் பட்டாசு வெடித்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். பள்ளிக்குக் கிளம்பிய அக்காளையும் தம்பியையும் கடத்தி, வாய்க்காலில் தள்ளிக் கொன்ற வழக்கு. ஊர் கொதித்ததில் தப்பில்லை. துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டான், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். சரி, அதே வழக்கில் இன்னொருவன் இருந்தானே, ஞாபகம் இருக்கிறதா? அவன் கோர்ட்டுக்குப் போனான். சாட்சி, குறுக்கு விசாரணை, தூக்கு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஒன்பது வருடம் அந்த வழக்குக் கட்டைச் சுமந்த போலீஸ்காரர்களுக்கு யாரும் ஒரு ஓலைப்படக்கம்கூடக் கொளுத்தவில்லை.

சைலேந்திர பாபுவின் முப்பத்தாறு வருட உத்தியோகத்தை அந்த என்கவுன்ட்டர் நடந்த ஒரு விடியற்காலைக்குள் அடக்குவது அவருக்கே குறைச்சல். வேளாண்மை படித்துவிட்டு 1987 பேட்ச்சில் ஐ.பி.எஸ். ஆனவர். 2021-ல் டி.ஜி.பி. நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே, போலீஸ்காரர்களுக்கு வாரம் ஒரு நாள் லீவு கொடுங்கள் என்று சுற்றறிக்கை விட்டார். அது எவ்வளவு தூரம் நடந்தது என்பதை உங்கள் ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்பவரிடம் கேளுங்கள் (அவருக்கு அன்றைக்கு லீவு இல்லையென்றால்).

இன்னொன்று. கமிஷனருக்குத் துப்பாக்கியைவிடப் பேனாவுக்குத்தான் வலு அதிகம். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனாலும் இங்கே எஸ்.பி.தான். ஒருவனைக் குண்டர் சட்டத்தில் உள்ளே வைக்க அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் கையெழுத்துப் போடுவார். கோவையில் அந்தக் கையெழுத்தைக் கமிஷனரே போடலாம். காகிதத்தில் ஓட்டை இருந்தால் ஹைகோர்ட் ரத்து செய்துவிடும், அது வேறு கதை.

களியக்காவிளை உங்களுக்கு பஸ்ஸில் போகிற தூரம்தான். 2020 ஜனவரியில் அந்தச் சோதனைச்சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். தன் ஆளையே பறிகொடுத்த போலீஸ், குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் உடுப்பியில் உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து கோர்ட்டில் நிறுத்தியது. நீங்கள் கேட்கிற மாதிரி அன்றைக்கு நடந்திருந்தால், பின்னாலிருந்து துப்பாக்கி கொடுத்தது யார், இடம் கொடுத்தது யார் என்று, வழக்கை விசாரித்த மத்தியப் புலனாய்வு அமைப்பான என்.ஐ.ஏ. யாரிடம் போய்க் கேட்டிருக்கும்?