சுற்றிக்கொண்டே இருக்கும் ஸ்க்ரூ: கார் ஆடியோ கேள்வி பதில்

கேள்வி: ஆம்பின் (ஆம்ப்ளிஃபையர்) பவர் டெர்மினலில் கேபிளை அழுத்திப் பிடிக்கும் ஆலன் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவே இல்லை. பாஸ் ஏறும்போது ஆம்ப் அணைந்து மறுபடி வருகிறது. டெர்மினலையே மாற்ற வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை, புது மரை வெட்டினால் போதும். அதுவரை ஆம்பை ஓட்டாதீர்கள். பிடிப்பில்லாத இடத்தில் 20 மில்லிஓம் தடை இருந்தாலே, 50 ஆம்பியர் போகும்போது அங்கே 1 வோல்ட் விழும். அதாவது 50 வாட் சூடு, அந்தச் சின்னப் பித்தளைக் கட்டைக்குள்ளேயே. சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உருகுவது இதனால்தான். ஏற்கெனவே பாஸுக்கு இறங்கும் பேட்டரி வோல்டேஜில் இதுவும் கழிவதால்தான் ஆம்ப் அணைகிறது.

முதலில் போனது மரையா, ஸ்க்ரூவின் தலைக்குழியா என்று பாருங்கள். ஆலன் கீ மட்டும் வழுக்கி ஸ்க்ரூ அசையாவிட்டால் குழி உருண்டுவிட்டது. புது ஸ்க்ரூ போட்டால் தீர்ந்தது. ஸ்க்ரூவும் சேர்ந்து சுற்றினால் மரைதான். கழற்றிப் பார்த்தால் அதன் பள்ளங்களில் பித்தளை மெல்லிய சுருளாக ஒட்டியிருக்கும்.

அளவு தவறிய ஸ்க்ரூ இதற்கு முக்கியக் காரணம். அங்குல அளவில் வரும் 10-32 ஸ்க்ரூவின் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 0.794 மி.மீ., எம்5-இன் (5 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக் ஸ்க்ரூ) பிட்ச் 0.8. அதனால் எம்5 ஓட்டையில் அது சொந்த ஸ்க்ரூ போலவே இறங்கும். ஆனால் வெளிவிட்டம் 4.83 மி.மீ.தான். மரையின் நுனியை மட்டும் பிடித்திருந்துவிட்டு, நன்றாக இறுக்கும்போது உருவிக்கொண்டு வந்துவிடும். தொலைந்த ஸ்க்ரூவுக்குக் கையில் கிடைத்ததைப் போட்டிருந்தால் சந்தேகம் இதன் மேல்தான். கீயை வைத்தும் கண்டுபிடிக்கலாம்: எம்5 தலையில்லா ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. கீ, 10-32க்கு அது நுழையாது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஆம்பை வெளியே எடுத்து மூடியைத் திறங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் சார்ஜ் வடிந்துவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். டெர்மினலைச் சுற்றி போர்டை மாஸ்கிங் டேப்பால் இடைவெளியில்லாமல் மூடுங்கள். ஒரே ஒரு பித்தளைத் துகள் மாஸ்ஃபெட் (பவர் டிரான்சிஸ்டர்) கால்களுக்கு நடுவே விழுந்தால், மரை சரியாகியும் ஆம்ப் போய்விடும்.

எம்4 போயிருந்தால் 4.2 மி.மீ. டிரில் போட்டு எம்5 டேப் (மரை வெட்டும் கருவி). எம்5 போயிருந்தால் 5 மி.மீ. டிரில், எம்6 டேப். புது ஓட்டையைச் சுற்றி 1.5 மி.மீ. பித்தளையாவது மிஞ்ச வேண்டும். ஹெலிகாயில் (ஓட்டைக்குள் புது மரையாக இறக்கும் கம்பிச் சுருள்) போடலாமே என்பார்கள். எம்5 ஹெலிகாயிலுக்கான டேப்பே 6 மி.மீ.க்குச் சற்று மேல் வெட்டும். ஆகவே சுவர் மெலிந்த கட்டைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இடமே இல்லையென்றால் கட்டையை சோல்டர் எடுத்து மாற்றுவதுதான் வழி.

பித்தளையில் டிரில் பிட் திடீரென்று கவ்வி உள்ளே இழுக்கும். பிட்டின் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்கிக்கொண்டால் இழுக்காது. கேபிள் நுழையும் துளை வந்ததும் நிறுத்துங்கள், எதிர்ச்சுவரைத் தொடக்கூடாது. ஆழம் தெரிய பிட்டில் மாஸ்கிங் டேப் சுற்றிக்கொள்ளலாம். மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்புங்கள். இதையெல்லாம் செய்யும்போது கட்டையைத் தனியாக இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் திருகினால் அந்த விசை முழுவதும் சோல்டருக்குப் போய், போர்டில் செம்புத் தடம் பெயர்ந்துவிடும்.

புது ஸ்க்ரூவின் முனை தட்டையாக இருக்கட்டும். கூர்முனை கம்பி இழைகளை அறுக்கும். கேபிள் நுனிக்கு ஈயம் பூசாதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி இடம் கொடுக்க, ஸ்க்ரூ மறுபடி லூஸாகும். செம்பு ஃபெரூல் (கம்பி நுனிக்கு மாட்டும் சின்னக் குழாய்) போட்டு நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய கேபிளிலும் இதே தொல்லை உண்டு. மாதாமாதம் இறுக்கி இறுக்கியே பலர் மரையைத் தேய்த்துவிடுகிறார்கள். எம்-சீல், லாக்டைட் போன்ற பசை வகையறா இங்கே வேண்டவே வேண்டாம்.

கேள்வி: 12 அங்குல சப்வூஃபரின் எம்டிஎஃப் பெட்டியில் ஸ்க்ரூ ஓட்டைகள் பொடிந்துவிட்டன. தீக்குச்சி திணித்தும் நிற்கவில்லை. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: எம்டிஎஃப் என்பது பிசின் கலந்து அழுத்திய மர நார்ப் பலகை. ஒருமுறை பொடிந்தால் தீக்குச்சி எதைப் பிடித்து நிற்கும்? ஓட்டையை 8 மி.மீ. ஆக்கி, மர டவலை (உருண்டை மரக்குச்சி) ஃபெவிகாலில் தோய்த்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. பைலட் ஓட்டை போடுங்கள். கடைசிச் சுற்றுகள் கையால்தான்.

அடிக்கடி கழற்றுவீர்களானால் எம்5 டி-நட்டே (பலகையில் பதியும் பல் வைத்த நட்) மேல். பலகையின் உட்புறத்திலிருந்து வைத்து, முன்பக்கம் போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டு இழுத்து உட்கார வையுங்கள். சுத்தியல் அடி வேண்டாம். விளிம்பில் மட்டும் எபாக்ஸி தடவுங்கள். அது இல்லையென்றால் பிறகு போல்ட்டைக் குத்தி நுழைக்கும்போது நட் கழன்று பெட்டிக்குள் விழும், அல்லது போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். ஓட்டை சும்மா திறந்திருந்தால் பாஸ் அடிக்கும்போது காற்று சீறுவது கேட்கும்.

கேள்வி: ஸ்டீரியோவின் பக்கவாட்டு ஸ்க்ரூவில் மரை போய்விட்டது. நீள ஸ்க்ரூ போடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கூடாது. அந்தத் தகடு மெல்லியது, 8 மி.மீ.க்கு மேல் நீண்டால் உள்ளிருக்கும் போர்டையோ சிடி மெக்கானிசத்தையோ ஸ்க்ரூ குத்தும். பக்கவாட்டில் வேறு ஓட்டைகளும் இருக்கும். பிராக்கெட்டை அவற்றுக்கு மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் மேல்மூடியைத் திறந்து, உள்ளே இடமிருந்தால் மெல்லிய எம்5 நட்டை எபாக்ஸியால் ஒட்டலாம்.