உலுரு பாறையில் ஏற அனங்கு மக்கள் தடை விதித்தது ஏன்?

நடு ஆஸ்திரேலியாவில் 348 மீட்டர் உயர்ந்து நிற்கும் உலுரு பாறையின் மரபுவழி உரிமையாளர்களான அனங்கு பூர்வகுடி மக்களுக்கு ‘ஜுகுர்பா’ என்பது படைப்புக் கதையும் சட்டமும் வாழ்வொழுங்கும் ஒன்றேயான மரபு. அதன்படி நிலத்தைக் காப்பது மனிதரின் கடமை. ஏறும் தடம், அந்தக் கதைகளில் வரும் ‘மாலா’ (கங்காரு இனச் சிறு விலங்கு) முன்னோர் சென்ற வழி என்பதோடு, ஏறுகையில் இறந்துபோன முப்பதுக்கும் மேற்பட்ட விருந்தினரின் சாவையும் தங்கள் பொறுப்பாகவே அவர்கள் கருதினர். (உச்சியில் கழிப்பறை இல்லாததால், மழைக்காலத்தில் கழிவு அடிவாரச் சுனைகளில் கலந்தது வேறு.) கோயிலுக்கு வருபவர் கருவறை விமானத்தின்மேல் ஏறுவதில்லை அல்லவா? அரசிடமிருந்து நிலம் 1985-இல் திரும்பக் கிடைத்தும், தடை 2019 அக்டோபர் 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஏற வேண்டாம் என்ற வேண்டுகோள் மட்டுமே இருந்தது. பலர் நினைப்பதுபோல் உலுரு பார்வையாளருக்கு மூடப்படவில்லை. அடிவாரத்தைச் சுற்றிவரும் ஏறத்தாழ 10 கி.மீ. நடைபாதை இன்றும் திறந்தே உள்ளது.