'வென்ட்' எங்கே, 'ஹேட் கான்' எங்கே?

"ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே" சரியா, "ஐ வென்ட்" சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். தனியாக அந்த ஒரு வாக்கியம்தான் என்றால் "வென்ட்".

நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் சிம்பிள் பாஸ்ட் ('வென்ட்' போன்ற சாதாரண இறந்தகால வடிவம்) போதும். ரொம்ப காலத்துக்கு முன்னால் நடந்திருந்தால் 'ஹேட்' போட வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி எதுவும் இல்லை. அசோகர் கலிங்கத்தை வென்றது கி.மு. 3ஆம் நூற்றாண்டில், அதுவும் "அசோகா கான்கர்ட் கலிங்கா"தான்.

'ஹேட்' வர, கடந்த காலத்திலேயே இன்னொரு நிகழ்ச்சி வேண்டும். "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்" என்றால், நான் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. வெறும் "லெஃப்ட்" என்றால், நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் கிளம்பியது என்றாகிவிடும். பிளாட்பாரத்தில் நின்றவருக்கு இது பெரிய வித்தியாசம்! 'பிஃபோர்', 'ஆஃப்டர்' இருந்தால் வரிசை தெரிந்துவிடும், 'ஹேட்' இல்லாமலும் பெரும்பாலும் ஓடும்.

அப்புறம் 'ஹேவ்'. "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றால் சாவி பொதுவாக இன்னும் கிடைக்கவில்லை. அதோடு 'யெஸ்டர்டே' சேராது. அமெரிக்கர்கள் இங்கேயும் "ஐ லாஸ்ட்" என்று சொல்வதுண்டு, தப்பில்லை.